கன்சோல் அலமாரிக்கு வளைந்த பட்டைப் பக்கம்: பிளைவுட் முறிந்துவிட்டது, எங்கே தப்பு?

ஞாயிறுதச்சன் (கோவை)

வணக்கம். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மரவேலை செய்கிறேன். இதுவரை செய்தது இரண்டு ஸ்டூல், ஒரு செருப்பு ஸ்டாண்ட், அம்மாவுக்கு ஒரு பூஜை அலமாரி. எல்லாமே நேர்க்கோடு, மூலமட்டத்தை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியாவிட்டால் சரி என்கிற வகைச் சாமான்கள். இப்போது ஹாலுக்கு ஒரு கன்சோல் செய்து தருகிறேன் என்று வீட்டில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நீளம் 1500 மி.மீ., ஆழம் 400, உயரம் காலோடு சேர்த்து 750. இரண்டு முன் மூலைகளும் சதுரமாக முடியாமல் 300 மி.மீ. ஆரத்தில் வளைந்து பக்கவாட்டுக்குத் திரும்ப வேண்டும், அதற்குப் பின்னால் சுவர் வரைக்கும் 100 மி.மீ. நேராகப் போகும். அந்த வளைவு, நேர் பகுதி இரண்டிலும் நின்ற வாக்கில் தேக்குப் பட்டைகள், 20 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனம், நடுவில் ஐந்து மி.மீ. போல இடைவெளி. முன்னால் நடுவில் மிஞ்சுகிற 900இல் இரண்டு கதவு. உள்ளே செட்டாப் பாக்ஸும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் இருக்கும்.

முதல் முயற்சியே ஊற்றிக்கொண்டது. 18 மி.மீ. பிளைவுட்டின் உள்பக்கத்தில் வரிசையாக ரம்ப வெட்டுப் போட்டு வளைத்தால் அழகாக வளையும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். முகத்தில் 2 மி.மீ. மட்டும் விட்டு ஆறு வெட்டுப் போட்டேன், பிளேடு 3 மி.மீ. தின்கிறது. மெதுவாக வளைத்துக்கொண்டே போனபோது பாதிக்கு மேல் நல்ல பிள்ளையாக வந்தது, அப்புறம் ஒரே சத்தம், வெளிமுகம் இரண்டு இடத்தில் பிளந்துவிட்டது. தண்ணீர் தெளித்திருக்க வேண்டுமோ? இல்லை, பிளைவுட்டே மட்டமா? அப்புறம், 300 ஆரம் என்று சொல்கிறேனே, அதைப் பட்டையின் வெளிமுகத்திலிருந்து எடுப்பதா, உள்ளே இருக்கிற சட்டத்திலிருந்தா? தாளில் வரைந்து வரைந்து குழம்பிவிட்டேன். செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


நூல்கணக்கு (சென்னை)

பிளைவுட்டைத் திட்டாதீர்கள், தப்பு கணக்கில் இருக்கிறது. ஒரு பலகை வளையும்போது வெளிமுகத்துக்கும் உள்முகத்துக்கும் நீளத்தில் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் ஆரத்தைப் பொறுத்தது இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாதது. கனத்தையும் திரும்புகிற கோணத்தையும் மட்டும் பொறுத்தது. கால் வட்டம் என்றால் கனத்தை 1.57ஆல் பெருக்க வேண்டியதுதான். உங்களுடையதில் 18இல் 2 போக 16, அது பெருக்கினால் 25 மி.மீ. அதாவது உள்பக்கத்திலிருந்து 25 மி.மீ. காணாமல் போக வேண்டும். ஆறு வெட்டு, தலா 3 என்றால் 18தான் காணாமல் போகும். எல்லா வெட்டும் வாயை மூடிக்கொண்டபோது நீங்கள் ஏறக்குறைய 64 டிகிரியில் இருந்திருப்பீர்கள், மீதி 26 டிகிரிக்கு மரம் முறிந்துதான் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டது. குறைந்தது ஒன்பது வெட்டு வேண்டும். ஆனால் ஒன்பதோடு நிறுத்தினால் வெளியே பென்சில் சீவியதுபோல் பட்டை பட்டையாகத் தெரியும், அதனால் பதினெட்டு இருபது என்று நெருக்கிப் போடுவார்கள்.

ஆனால் உங்களுக்கு இந்த வம்பே தேவையில்லை என்று நினைக்கிறேன். வெளியே தெரியப்போவது பட்டைகள் மட்டும்தான். மேலே, நடுவில், கீழே என்று 18 மி.மீ. பிளையில் மூன்று வளைவுச் சட்டம் வெட்டி நிறுத்தி அதன்மேல் பட்டைகளை ஒட்டினால் போதும். பின்னால் ஏதாவது மூட வேண்டும் என்றால் 5 மி.மீ. ஃப்ளெக்ஸி பிளை (வளைப்பதற்கென்றே செய்த பிளைவுட்) கிடைக்கிறது, 300 ஆரத்துக்குக் கையாலேயே வளையும். வாங்கும்போது 8 அடிப் பக்கம் வளைகிறதா 4 அடிப் பக்கம் வளைகிறதா என்று கடையிலேயே வளைத்துப் பார்த்து வாங்குங்கள், இரண்டு விதமும் வருகிறது.

ஆரத்தை எப்போதும் வெளியிலிருந்து உள்ளே கழித்துக்கொண்டு வாருங்கள். வெளிமுகம் 300. பட்டை 12 போனால் 288. பின்னால் ஷீட் இல்லை என்றால் சட்டத்தின் ஆரம் அதுதான், 5 மி.மீ. ஷீட் வைத்தால் 283. நான் என் முதல் அலமாரியில் சட்டத்தையே 300இல் வெட்டிவிட்டு, ஷீட்டும் ஒட்டி, பட்டையும் ஒட்டி, கடைசியில் கதவை மாட்டும்போதுதான் பார்த்தேன், பட்டை வரிசை கதவின் முகத்தைவிட 17 மி.மீ. முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. கதவுக்குப் பின்னால் கட்டை வைத்து முன்னே தள்ளிச் சமாளித்தேன். பார்க்கிறவர்கள் 'டிசைனா?' என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன்.

மூன்று சட்டத்தையும் தனித்தனியாக வரைந்து வெட்டாதீர்கள். 9 மி.மீ. எம்.டி.எஃப்.பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒரே ஒரு டெம்ப்ளேட், அதாவது அச்சுப் பலகை. ரூட்டரின் (சுழலும் பிட்டால் மரத்தைச் சீவி வெட்டுகிற மெஷின்) அடித்தட்டில் ஒரு 6 மி.மீ. பிளைத் துண்டை நீளமாக ஸ்க்ரூ போட்டு, ஆணி அடித்து, அந்த ஆணியைச் சுற்றி ரூட்டரைத் திருப்பினால் காம்பஸ் மாதிரி வெட்டும். ஆணியிலிருந்து பிட்டின் உள்விளிம்பு வரை 288, நடுமையம் வரை இல்லை. அப்புறம் சட்டங்களை ஜிக் சாவில் ஒரு நூல் (3 மி.மீ. போல) கூடுதலாக வெட்டி, டெம்ப்ளேட்டை ஒட்டி, அதன் விளிம்பில் உருளுகிற பேரிங் வைத்த பிட்டால் சுற்றி வந்தால் இரண்டு பக்கத்துக்குமான ஆறு சட்டமும் அச்சடித்தாற்போல் வரும்.

தட்டையான பட்டை வளைந்த சட்டத்தில் எப்படி உட்காரும் என்று கேட்கப் போகிறீர்கள். 20 மி.மீ. பட்டைக்கும் 288 ஆரத்துக்கும் நடுவே 0.17 மி.மீ.தான் வித்தியாசம், இரண்டு தாள் கனம். உப்புத்தாள் கட்டையால் பட்டையின் முதுகில் இரண்டு இழுப்பு இழுத்தால் அதுவும் போய்விடும். அகலத்தை 40 ஆக்கினால் இது நான்கு மடங்கு ஆகும், அப்போது பசை மட்டும் காப்பாற்றாது.


சும்மாபார்க்கவந்தவன்

இவ்வளவு எதற்கு. சார்க்கோல் லூவர் ஷீட் (பட்டை வரிசை மாதிரியே அச்சாகி வருகிற ஷீட்) எல்லாக் கடையிலும் தொங்குகிறது, வளைத்து ஒட்டினால் ஒரே மதியத்தில் முடிந்துவிடும், தேக்கு கலரிலேயே இருக்கிறது.


ஞாயிறுதச்சன்

லூவர் ஷீட் யோசனையை வீட்டிலும் சொன்னார்கள். அதை ஒட்டினால் நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள மனசு வராது, அதுதான் பிரச்சினை. :)

நூல்கணக்கு சார், 64 டிகிரி என்று படித்தவுடன் குப்பையில் போட்டிருந்த துண்டை எடுத்து மூலையில் வைத்து அளந்தேன். பிளந்த இடம் கிட்டத்தட்ட அங்கேதான். மூன்று சட்ட வழியே போகிறேன். இப்போது மரம். மரக்கடையில் நாட்டுத் தேக்கு, நிலம்பூர், கானா என்று மூன்று சொன்னார்கள், விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பட்டைக்கு எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது? ரெடிமேடாக ரீப்பர் (அறுத்து வைத்த மெல்லிய கட்டைகள்) கட்டு கட்டாக வைத்திருக்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாமா?


கொட்டாப்புளி (செங்கோட்டை)

தம்பி, ரெடிமேட் ரீப்பரை எடுக்காதே. அது மிச்சம் மீதிப் பலகையில் அறுத்தது, பாதிக்குப் பாதி வெள்ளை (மரத்தின் வெளிப்பக்க இளம்பகுதி) இருக்கும், கட்டைப் பிரித்த இரண்டாம் நாளே வில்லாக வளையும். 46, 48 பட்டை வரிசையாக நிற்கிற வேலையில் ஒன்று வளைந்தாலும் கண் அதில்தான் போய் நிற்கும். பலகையாக வாங்கி நீயே அறு.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மர அறுவையும் தச்சும்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஒரு அங்குலக் கனம், ஆறு அங்குல அகலம், ஏழடி நீளப் பலகை எடு. சாதாரணமாக அறுத்த பலகையின் முகத்தில் ரேகை மலை மலையாக ஓடும் பார், அந்தப் பலகைதான் உனக்கு வேண்டும், நேர் ரேகைப் பலகைக்குக் கூடுதல் காசு கொடுக்காதே. ஏன் என்றால் இந்தப் பலகையை 20 மி.மீ. கனத்துக்கு இழைத்து, நீளவாக்கில் 12 மி.மீ.க்குக் கீற்று அறுத்துப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டால், அறுத்த முகம்தான் வெளிமுகம். அந்த முகத்தில் ரேகை நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும். பலகையின் நடுப் பகுதியில் அப்படியே வரும், ஓரத்தில் கொஞ்சம் சாயும். முறுக்கிக்கொள்வதும் குறைவு. பெரிய கடையில் கூட இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

கணக்கு: பட்டை 600 என்றால் 630க்குத் துண்டு போடு. ஏழடிப் பலகையில் மூன்று துண்டு. ஆறு அங்குலத்தில் ரம்பம் தின்பது, இழைப்பது எல்லாம் போக எட்டுப் பட்டை வரும், ஒன்பது வந்தால் அது உன் அதிர்ஷ்டம். இரண்டு பலகை எடுத்தால் 48. உனக்கு 46 வேண்டும் என்றால் இரண்டுதான் உபரி, அது பத்தாது, கணு வரும், கீறல் வரும். மூன்றாவது பலகையையும் சேர்த்து வாங்கு. மூன்றும் சேர்ந்து ஒரு கன அடி கூட வராது, அதனால் விலையைப் பார்த்துப் பயப்படாமல் நல்ல மரமாக எடு. ஊர்ப் பெயர் எதுவானாலும் இருக்கட்டும், பலகை முனையைப் பார், வெள்ளை எவ்வளவு, சேகு (நடு வைரம்) எவ்வளவு என்று. இள மரம் என்றால் நிலம்பூர் என்று சொல்லி விற்றாலும் வெள்ளைதான் நிறைய இருக்கும். எல்லாப் பட்டையும் ஒரே மரத்தின் பலகையாக இருந்தால் நிறம் ஒத்துப்போகும், கடைக்காரரிடம் கேட்டு அடுத்தடுத்த பலகையாக வாங்கு.

ரப்பர் மரம் மலிவாக வருகிறதே என்று யோசிக்காதே. மருந்து சரியாக ஏற்றாத ரப்பர் மரத்தில் வண்டு விழும், அலமாரிக்குக் கீழே மாவு கொட்டிய மாதிரி பொடி விழும்போதுதான் உனக்கே தெரியும்.

இனி முக்கியமான விஷயம். கட்டிங் மெஷினை மேசைக்குக் கீழே தலைகீழாகக் கட்டி, மேலே பிளேடு நீட்டிக்கொண்டிருக்கிற மேசை வைத்திருக்கிறாயா? எல்லாப் பட்டறையிலும் அதுதான் இருக்கிறது, என்னிடமும் அதுதான் இருந்தது, என் இடது கை ஆட்காட்டி விரல் நுனி ஒரு நூல் குறைவாக இருப்பதும் அதனால்தான். மெல்லிய கீற்று அறுக்கும்போது கீற்று கைடுக்கும் (பலகையை ஒட்டித் தள்ளுகிற நேர்க்கட்டை) பிளேடுக்கும் நடுவே இருக்கக் கூடாது, மாட்டிக்கொண்டால் அம்பு மாதிரி பின்னால் பாயும். பலகைதான் கைடு பக்கம், கீற்று வெளிப்பக்கமாக விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் கைடை நகர்த்த வேண்டியிருக்கும், சோம்பல்படாதே. நேர் பின்னால் நிற்காதே. கடைசி ஒரு சாண் தள்ளுவதற்குக் கட்டை வைத்துக்கொள், கையால் தள்ளாதே.

அறுத்தவுடன் ஒட்டாதே, ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வை, வளைகிறது அப்போதே வளைந்துகொள்ளட்டும். ஒட்டுவதற்கு முன்னால் பட்டை முதுகை ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தின்னர் துணியால் துடை. தேக்கில் எண்ணெய் இருக்கிறது, பழைய முகத்தில் பசை ஊறாது.

கிளாம்ப் பத்தவில்லை என்றால் சைக்கிள் கடையில் பழைய ட்யூப் வாங்கி நீளவாக்கில் கீறி வை. வளைவைச் சுற்றி இழுத்துக் கட்டினால் எல்லாப் பட்டையையும் ஒரே அழுத்தத்தில் பிடிக்கும், எந்தக் கிளாம்பும் அப்படிப் பிடிக்காது.


ஞாயிறுதச்சன்

அண்ணே, விரல் கதையைப் படித்தபிறகு இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பட்டறையில் முறையான டேபிள் சா இருக்கிறது, காசு கொடுத்து அங்கேயே அறுத்து வாங்கிக்கொண்டேன். ட்யூப் வந்துவிட்டது, கடைக்காரர் காசே வாங்கவில்லை. மூன்று பலகையில் 70 பட்டை தேறியது! ஒன்றில் மட்டும் பெரிய கணு.

இன்னும் இரண்டு சந்தேகம். இடைவெளி சீராக வர 5 மி.மீ. பிளைத் துண்டை நடுவில் சொருகிச் சொருகி ஒட்டிக்கொண்டே போனால் போதும்தானே? இன்னொன்று, பின்னால் ஷீட் வைத்தால் ஆம்ப்ளிஃபயர் வெந்துவிடுமா? வைக்காவிட்டால் உள்ளே இருக்கிற ஒயர்க் குப்பை எல்லாம் தெரியுமே.


நூல்கணக்கு (சென்னை)

சொருகிக்கொண்டே போகாதீர்கள். துண்டில் 0.1 மி.மீ. பிசகினாலும் இருபது பட்டைக்கு 2 மி.மீ. சேர்ந்துவிடும், கதவுப் பக்கம் கடைசிப் பட்டை ஒன்று உள்ளே போகாது அல்லது அசிங்கமாக இடைவெளி விழும். அதைவிடப் பெரிய சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. வளைவில் பட்டைகளின் முதுகு நெருங்கி, முகம் விலகும். 12 மி.மீ. கனத்துக்கு உங்கள் ஆரத்தில் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு மி.மீ. விலகும். நேர் பகுதியில் விலகாது. ஆகவே ஒரே துண்டை இரண்டு இடத்திலும் சொருகினால் நேர் பகுதியில் ஐந்தும், வளைவில் ஆறுமாகத் தெரியும். அளந்தால்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள், வளைவு தொடங்குகிற இடத்தில் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லும், என்னவென்று மட்டும் சொல்லத் தெரியாது.

அதனால் வெளிமுகத்தில் பங்கு போடுங்கள். 300 ஆரத்துக்குக் கால் வட்டம் 471 மி.மீ. அதை 19ஆல் வகுத்தால் 24.8. பட்டை 20 போக வெளியே 4.8 இடைவெளி. நேர் பகுதி 100 மி.மீ.க்கு அதே 24.8இல் நான்கு பட்டை, 99.2, பொருந்திவிட்டது பாருங்கள், உங்கள் ஜாதகம் நன்றாக இருக்கிறது. பக்கத்துக்கு 23, மொத்தம் 46. வளைவில் ஒரு பட்டைக்கு 4.74 டிகிரி. தாளில் 288 ஆரத்தில் கால் வட்டம் வரைந்து 19 பங்காகப் பிரித்து, அந்தத் தாளை மூன்று சட்டத்திலும் ஒட்டிக் கோடு போடுங்கள். ஒவ்வொரு பட்டையும் அதன் கோட்டில் உட்காரும், ஒன்றின் தப்பு இன்னொன்றுக்குப் போகாது. மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் கோடு நேராக இருக்கிறதா என்பதை மட்டும் தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள்.

பட்டைகளை இடைவெளி இல்லாமல் விளிம்போடு விளிம்பு ஒட்டுகிறவர்களும் உண்டு, அதற்கு ஒவ்வொரு விளிம்பையும் சாய்த்துச் சீவ வேண்டும். அது மட்டுமில்லை. சென்னையில் நவம்பர் மழைக்கு மரம் ஈரம் குடித்து விரியும், மே மாதம் சுருங்கும். தனித்தனிப் பட்டையில் இது 0.1 மி.மீ. போலத்தான், யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டினால் அரை மீட்டரில் 2, 3 மி.மீ. ஓடும், ஏதாவது ஒரு மூட்டு வாயைப் பிளக்கும். இடைவெளி விடுவது அழகுக்கு மட்டும் இல்லை.

மேல்பலகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். பட்டை முனைகளை மறைக்க மேல்பலகை 10 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதை அதே 300 ஆரத்திலேயே தள்ளி வைத்து வெட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் முன்னாலும் பக்கத்திலும் 10, மூலையில் 14 என்று உப்பித் தெரியும். அதே மையத்தில் ஆணி அடித்து 310இல் வெட்டுங்கள்.


பழையமரம் (திருச்சி)

கணக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள், நான் பாலிஷைப் பற்றிச் சொல்கிறேன். போன வருடம் இதே மாதிரி ஒரு பக்கமேசை செய்தேன், ஆரம் கொஞ்சம் சின்னது. பட்டை எல்லாம் ஒட்டி முடித்து, நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லி, அதற்கப்புறம் பாலிஷுக்கு உட்கார்ந்தேன். நாலு மி.மீ. இடுக்குக்குள் எந்தப் பிரஷ் போகும்? ஐஸ் குச்சியில் துணி சுற்றி, காது குடையும் பஞ்சில் தொட்டு, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தும் உள்ளே ஒழுகிக் காய்ந்த சொட்டுகள் இன்றைக்கும் இருக்கின்றன. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பளபளவென்று ஒவ்வொன்றாகத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார், எனக்குத் தெரிகிறதே.

ஆகவே பட்டையாக இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். விளிம்பை ஒரு இழுப்பு மழுக்கி, 120, 180, 240 என்று உப்புத்தாள் போட்டு, முதுகில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூன்று பக்கத்துக்கும் பாலிஷ். ஒட்டும்போது டேப்பை உரித்தால் முதுகு பாலிஷ் படாத வெறும் மரமாக இருக்கும், பசை பிடிக்கும். மேல் கீழ் முனைகளுக்கு இரண்டு கோட் கூடுதலாக, ஏனென்றால் முனைதான் தண்ணீர் குடிக்கும். தரை துடைக்கிற ஈரத்துணி தினமும் எங்கே போய் இடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கால் உயரம் 100க்குக் குறையாமல் வையுங்கள்.

எண்ணெய் பாலிஷ் என்றால், ஆளிவிதை எண்ணெய் தோய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டுத்தான் குப்பைக்கு.

பின்ஷீட் விஷயத்தில் என் பழக்கம் இது. ஷீட் வைக்கிற இடத்தில் பட்டை ஒட்டுவதற்கு முன் ஷீட்டின் முகத்துக்குக் கறுப்பு அடித்துவிடுங்கள், மேட் கறுப்பு. வெள்ளைப் பிளை இடுக்கில் பல் மாதிரி தெரியும், கறுப்பு அடித்தால் உள்ளே ஆழம் இருப்பதுபோல் இருக்கும், சட்டமும் தெரியாது. ஆம்ப்ளிஃபயர் இருக்கிற பக்கம் ஷீட்டே வேண்டாம், ஆறில் ஒரு பங்கு இடம் திறந்துதான் இருக்கும், பின்பலகையில் மேலே ஒரு நீளத் துளை விட்டால் கீழே குளிர்க் காற்று வந்து மேலே சூடு போகும். ஒயர் தெரியாமலிருக்க ஸ்பீக்கர்த் துணி, கறுப்பு, சட்டத்தின் உள்பக்கம் ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். காற்றும் போகும், சத்தமும் போகும். ஒரு பக்கம் ஷீட், ஒரு பக்கம் துணி என்றால் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் ஆரம் வேறு, 283, 288, மறந்துவிடாதீர்கள்.

தூசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 46 இடுக்கு. வாரம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ் எடுத்து நீங்களே துடைப்பதாக இப்போதே வாக்குக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் பேச்சு வரும்.


கொட்டாப்புளி (செங்கோட்டை)

தங்கச்சி சொன்னது சரி, பாலிஷ் முதலில். ஆனால் பசையை மட்டும் நம்பாதே தம்பி. உள்ளிருந்து சட்டம் வழியாகப் பட்டைக்கு ஒரு ஸ்க்ரூ, மேல் சட்டத்தில் ஒன்று கீழ்ச் சட்டத்தில் ஒன்று, போட்டுவிடு. குழந்தை பிடித்து இழுக்கும், வீடு மாற்றுகிறவர்கள் பட்டையைப் பிடித்துத் தூக்குவார்கள்.


நூல்கணக்கு (சென்னை)

46 பட்டைக்கு 92 ஸ்க்ரூவா அண்ணே! 18 மி.மீ. விளிம்பில் பசை நன்றாகப் பிடித்தால் பட்டைதான் கிழியும், ஒட்டு விடாது. முன்னாலிருந்து 18 கேஜ் பின் (மெல்லிய சின்ன ஆணி) அடித்தால் போதும் என்பேன்.


கொட்டாப்புளி (செங்கோட்டை)

முன்னால் பின் அடித்தால் துளைக்குப் பட்டி வைக்க வேண்டும், பாலிஷ் போட்ட பட்டையில் பட்டி கறையாகத் தெரியும். 92 ஸ்க்ரூ ஒரு மணி நேர வேலை. வாங்கிக்கொண்டு போகிறவர் பத்து வருடம் கழித்து என்னைக் கூப்பிடக் கூடாது, எனக்கு அவ்வளவுதான் கணக்கு. அப்புறம், ஒரு பட்டை உடைந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றலாம்.


நூல்கணக்கு (சென்னை)

மாற்றலாம் என்றால் பசையே போடக் கூடாதே. :) சரி, அந்த ஒரு காரணம் நியாயம்தான். மேலும் கீழும் ஸ்க்ரூ மட்டும், நடுச் சட்டத்தில் ஒரு பொட்டு பசை என்று வைத்துக்கொள்வோம்.

வேறொன்று. பின்லாந்தின் ஆல்வர் ஆல்ட்டோ 1936இல் பைன் பட்டைகளை மட்டும் வரிசையாகக் கோர்த்து ஒரு தடுப்புத் திரை செய்தார், அதற்குச் சட்டமே கிடையாது, பாம்பு மாதிரி நெளித்து நிறுத்தினால் தானே நிற்கும், வேண்டாம் என்றால் சுருட்டி வைக்கலாம். அடுத்த ஞாயிறுக்கு வேலை தேடுகிறவர்களுக்காகச் சொன்னேன்.


ஞாயிறுதச்சன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். இடது பக்கம் முடிந்துவிட்டது, வலது பக்கம் சட்டத்தோடு நிற்கிறது.

நடந்தது என்னவென்றால், டெம்ப்ளேட் வெட்டினேன், ஆறு சட்டமும் அச்சாக வந்தன, அந்தச் சந்தோஷத்தில் ஆறையும் 288இலேயே வெட்டிவிட்டேன், ஷீட் வருகிற வலது பக்கத்துக்கு 283 என்பது மறந்தே போயிற்று. பழையமரம் அவர்கள் மறக்காதீர்கள் என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன் என்பது இன்னும் அவமானம். அதே ஆணியில் மூன்றை மட்டும் 5 மி.மீ. குறைத்து மறுபடி சுற்றினேன், தப்பித்தேன். அதிகமாக வெட்டியிருந்தால் பிளை போயிருக்கும்.

ஒட்டுவதற்கு முன்னால் பழைய அட்டைப்பெட்டியை 20 மி.மீ. கீற்றாக வெட்டி 23ஐயும் டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன், கோடுகள் சரியாகவே இருந்தன. பட்டை ஒட்டியபோது பசையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு இரண்டு இடுக்கில் வழிந்துவிட்டது, காய்வதற்குள் ஒரு ஸ்ட்ராவின் முனையைச் சாய்வாக வெட்டி அதால் வழித்தேன், வந்துவிட்டது. ட்யூப் பிரமாதம் அண்ணே. ஸ்க்ரூவும் போட்டேன், 46தான் இதுவரை. முன்னதாகச் சின்னதாகப் பைலட் துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றிய முதல் பட்டை பிளந்தது, உபரிப் பட்டையில் ஒன்று போனது.

இப்போது ஒரே ஒரு சங்கடம். கதவுக்கும் முதல் பட்டைக்கும் நடுவில் எவ்வளவு விடுவது? கதவு திறக்க 2 மி.மீ. போதும், ஆனால் பட்டைகளுக்கு நடுவில் 4.8 இருக்கும்போது அங்கே மட்டும் 2 என்றால் ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிகிறது.


பழையமரம் (திருச்சி)

அங்கேயும் 4.8 விடுங்கள். கதவை இரண்டு பக்கமும் 3 மி.மீ. போலச் சீவினால் வந்துவிடும், கண்ணுக்குக் கதவும் ஒரு பெரிய பட்டை மாதிரி வரிசையில் சேர்ந்துகொள்ளும். உள்ளே இருட்டாக இருக்கிற மாதிரி அந்த இடத்துக் கட்டைக்கும் கறுப்பு அடிக்க மறக்காதீர்கள்.


ஞாயிறுதச்சன்

கதவுக்கு இன்னும் வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டவில்லை, அதனால் சீவ முடியும். இந்த ஞாயிறு வலது பக்கம்.